கழலை வரை வந்தது

என்னைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் தலையைத்தான் பார்ப்பார்கள். முடி முளைத்துவிட்டது, அதுவும் முன்பு இல்லாத சுருட்டையாக. அதைக் கண்டதும் அவர்களுக்கு ஒரு தைரியம் வந்து அடுத்த கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "பரவியிருந்துதா?" ஆமென்றால் ஒரு முகம், இல்லையென்றால் ஒரு முகம், இரண்டையும் தயாராக வைத்துக்கொண்டு கேட்பார்கள். பரவுவது என்றால் என்னவென்று எனக்கும் அன்று தெரியாது. தெரியாமல் நானும் என் வீட்டுக்காரரும் பட்ட பாடு கொஞ்சமல்ல. இன்னொருவர் அந்தப் பாடு படவேண்டாமே என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் ஸ்டெல்லாபாய். அருமனைக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்துத் தேன் எடுப்பது என் தொழில். கணவர் தங்கராஜ் மஸ்கட்டில் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். பாலைவனத்தில் தனியாக ஓட்டிய பழக்கமோ என்னவோ, அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதற்குள் எனக்குப் பத்து வார்த்தை வந்துவிடும். ஒரே மகள் ஜெனி இப்போது அதே மஸ்கட்டில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள்.

தேன் எடுப்பவளைத் தேனீ கொட்டாமல் இருக்காது. பெட்டியிலிருந்து சட்டத்தைத் தூக்கி இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் ஈக்களைத் தள்ளிவிடுவேன். அதனால் கொட்டெல்லாம் இடது கைக்கு. அதிகமாகக் கொட்டு வாங்கின நாளில் இடது கக்கத்தில் ஒரு உருண்டை வீங்கும். காலில் முள் குத்திப் புண்ணானால் தொடையிடுக்கில் வீங்குமே, அதே சங்கதி. மற்ற ஊர்க்காரர்கள் இதை நெறி கட்டியிருக்கிறது என்பார்கள். எங்கள் பக்கம் கழலை என்போம். புண் ஆறினால் கழலையும் வற்றிவிடும். அதற்காக யாரும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை.

அந்த வருடம் ரப்பர் தளிர்த்ததும் தேன் நன்றாக ஓடியது, கொட்டும் நன்றாக விழுந்தது, கழலையும் வந்தது. சீசன் முடிந்து மழையும் பிடித்தது. பெட்டிகளுக்குச் சீனிப்பாகு வைத்துக்கொடுக்கும் காலம் வந்த பிறகும் கழலை மட்டும் போகவில்லை. புளியங்கொட்டை அளவில் கடினமாக அங்கேயே இருந்தது. ஈ கொட்டி வரும் கழலை தொட்டால் வலிக்கும். இது வலிக்கவில்லை. வலிக்காததால் நல்லது என்று நினைத்துக்கொண்டேன். அது சுத்தத் தப்பு. இதைப் படிக்கிறவர்கள் அந்த ஒன்றையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரஷர் மாத்திரை வாங்க அருமனையில் ஒரு சிறிய கிளினிக்குக்குப் போவேன். அங்கே புதிதாக வந்திருந்த டாக்டர் நித்யா தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். நான் பேசுவதில் பாதி அவளுக்குப் புரியாது. பாட்டு மாதிரி இருக்கிறது என்று சிரிப்பாள். மாத்திரை எழுதிவிட்டு வழக்கம்போலக் கேட்டாள்.

"வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?"

"வேற ஒண்ணும் இல்ல டாக்டரே. கக்கத்துல ஒரு கழலை கெடக்கு. சாரமில்ல, போயிரும்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "கழலையா? யாரும்மா சொன்னது?"

"யாரு சொல்லணும்? எனக்கே தெரியும். வருசா வருசம் வாறதுதானே."

"வருஷா வருஷம் கழலை வருதா? ஒரு டாக்டர்கிட்டயும் காட்டலையா?"

"இதுக்குப் போயி டாக்டரா? எங்க வீட்டுல எல்லாருக்கும் வரும்."

அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அவள் அறிந்த தமிழில் கழலை என்றால் கட்டி, பாடப்புத்தகத்தில் வருகிற கட்டி. ஒரு குடும்பமே வருடந்தோறும் கட்டி வளர்த்துக்கொண்டு, அதைக் காய்ச்சல் தடுமன் மாதிரிச் சொல்கிறதே என்று பதறிவிட்டாள். உடனே என்னை மேசைமேல் படுக்கவைத்தாள். கக்கத்தைத் தொட்டுப் பார்த்தவள் அதோடு நிற்காமல் மார்பையும் விரல்களால் அழுத்திப் பார்த்தாள். இடது மார்பின் அடியாழத்தில் ஓரிடத்தில் அவள் விரல் நின்றது. நான் ஒருநாளும் தொட்டறியாத ஒன்று அங்கே இருந்தது.

பிற்பாடு அவளே சொன்னாள்: "நெறி கட்டியிருக்கு, தேனீ கொட்டினதுன்னு நீங்க சொல்லியிருந்தா, கையைப் பாத்துட்டு ஒரு மாத்திரையோட அனுப்பியிருப்பேனோ என்னவோம்மா." எங்கள் ஊர் டாக்டராக இருந்தால் கழலை என்றதும் தலையாட்டியிருப்பார். தமிழும் தமிழும் புரியாமல் போனதால் பிழைத்தவள் நான்.

மார்பை எக்ஸ்ரே மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். ஊசி குத்திக் கொஞ்சம் சதை எடுத்தார்கள். கழலையிலும் ஒரு மெல்லிய ஊசி போட்டு உறிஞ்சினார்கள். முடிவு வந்த அன்று நித்யா எங்கள் இருவரையும் உட்காரவைத்து நிதானமாகத்தான் சொன்னாள். மார்பில் புற்றுநோய், அதிலிருந்து அணுக்கள் கக்கத்தில் இருக்கும் நிணநீர் முடிச்சுக்குப் பரவியிருக்கிறது, சிகிச்சை செய்யலாம், நல்ல வழி இருக்கிறது என்றாள். இவ்வளவில் என் வீட்டுக்காரர் காதில் விழுந்தது 'பரவியிருக்கிறது' என்ற ஒன்றுதான். திரும்பும் வழியில் வண்டியை ஒரு கடையில் நிறுத்தி இரண்டு சாயா சொன்னார். சொன்னவர் குடிக்கவில்லை. ஆடை கட்டுகிற வரைக்கும் கண்ணாடித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் பரவிவிட்டது என்றால் முடிந்தது என்று பொருள். அந்த வார்த்தை வந்த வீட்டில் மருந்துப் பேச்சு நின்று ஜெபப் பேச்சு தொடங்கிவிடும். எங்கள் வீட்டிலும் சபைக்காரர்கள் வந்து உருக்கமாக ஜெபித்தார்கள். அதில் எனக்கு ஒரு குறையுமில்லை, நானும் ஆமென் சொன்னேன். ஆனால் உறவில் ஒரு பெரியவர் போகிறபோது என்னிடம் குனிந்து, "கத்தி மட்டும் வெக்க விடாத பிள்ளே. கத்தி பட்டா அது ஒடம்பு பூரா பரவும்" என்றார். பக்கத்தில் நின்ற என் அண்ணன் மனைவி புஷ்பம் அதைக் கேட்டுவிட்டாள். நான் மைனி என்று கூப்பிடுகிறவள், எனக்கு இன்னொரு கை மாதிரி.

"மாமா, சாயா குடிச்சாச்சுல்லா? வெயிலுக்கு முன்ன வீடு போய்ச் சேருங்க" என்று அவர் குடையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

அன்று மாலை ஜெனி போனில் கேட்டாள். "அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கியாவ. நீ சொல்லும்மா. பரவியிருக்கா?"

"கக்கம் வரைக்கும் வந்திருக்கு."

"அதுக்கு அங்கோட்டு?"

"அது பாத்தாத்தான் தெரியும் மக்கா."

அன்றிலிருந்து எனக்கு இருந்த ஒரே கேள்வியும் அதுதான். அதுக்கு அங்கோட்டு போயிருக்கிறதா? ஈரலுக்கோ எலும்புக்கோ போயிருந்தால் நோயை அடக்கி வைக்கலாமே தவிர அடியோடு எடுக்க முடியாது என்று நித்யா ஒளிக்காமல் சொல்லியிருந்தாள். ஐம்பத்து நாலு வயதில் எனக்கு அடக்கி வைத்து வாழப் பிரியமில்லை. எடுத்து எறியவேண்டும்.

குழித்துறையிலிருந்து ரயில் ஏறினால் திருவனந்தபுரம் பக்கம். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். காத்திருக்கும் கூடத்தில் பாதிப் பேர் எங்கள் மாவட்டம். வரிசையில் நிற்கும்போதே மண்டைக்காட்டுக்காரி ஒருத்தி, எந்த ஜன்னலில் சீட்டு போடவேண்டும், எந்த கேண்டீனில் கஞ்சி கிடைக்கும், எந்த நர்சுக்கு ஊசி போட நரம்பு உடனே கிடைக்கும் என்று எல்லாம் பறைந்து தந்தாள். அங்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. மொட்டைத் தலையோடு ஒருத்தி தன் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கேயே பாதி பயம் போய்விட்டது.

சர்ஜன் மலையாளி, பெயர் ஹரி. என் கக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எத்ர நாளாயி இந்தக் கழல?" என்று கேட்டார். எல்லை தாண்டி வந்த இடத்தில் என் வார்த்தைக்கு என் பொருள் இருந்தது. நான் நித்யாவின் கதையைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்து, பக்கத்து அறை டாக்டரையும் கூப்பிட்டு என்னை மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு ஒரு தாளில் படம் வரைந்து, பாதி மலையாளத்திலும் பாதித் தமிழிலுமாக விளக்கினார். எனக்குப் புரிந்ததை என் பாஷையில் சொல்கிறேன்.

ரத்தத்திலிருந்து கசிகிற தெளிந்த நீர் உடம்பெங்கும் சதைக்குள் ஊறி நிற்கிறது. அதுதான் நிணநீர். மெல்லிய குழாய்கள் அதைத் திரட்டிக்கொண்டு போய் மறுபடி ரத்தத்தில் சேர்க்கும். போகிற வழியில் கழலைகள் இருக்கின்றன. வீங்கும்போதுதான் நமக்குத் தெரிகிறதே ஒழிய, அவை கக்கத்திலும் கழுத்திலும் தொடையிடுக்கிலும் வயிற்றுக்குள்ளும் எப்போதும் இருப்பவை. அவற்றுக்குள் வெள்ளையணுக்கள் நெருக்கியடித்து நின்று, வருகிற நீரைச் சோதித்து அனுப்பும். கிருமி வந்தால் அங்கே சண்டை நடக்கும், அதனால் வீங்கும். கையின் நீரும் மார்பின் நீரும் வந்து சேர்வது ஒரே கக்கத்தில். அங்கேதான் நான் ஏமாந்தேன். கழலை சொன்னது சரி, எங்கோ ஒரு புண் இருக்கிறது என்றுதான் சொன்னது. நான் கையைப் பார்த்துவிட்டு இருந்துவிட்டேன்.

"அப்பம் காவல் நிக்கிற கழலை இந்த நோயை ஏன் உள்ள விட்டுது?" என்று கேட்டேன்.

"அது நம்ம அணுதானே சேச்சி. வெளியிலிருந்து வந்த கிருமி இல்ல. நம்ம உடம்பிலே பிறந்து கெட்டுப் போனது. காவலுக்கு ஆளை அடையாளம் பிடிகிட்டாது."

இது எனக்கு உடனே பிடிபட்டது. தேன் பெட்டி வாசலிலும் காவல் ஈக்கள் நிற்கும். திருட வரும் ஈயை மணத்தை வைத்துக் கண்டுபிடித்து இழுத்துப் போடும். ஆனால் வழிதவறின ஒரு ஈ தேனைச் சுமந்துகொண்டு பதவிசாக வந்து இறங்கினால் பல நேரம் விட்டுவிடும். சொந்த மணத்தோடு வருகிற ஒன்றைக் காவல் எப்படிப் பிடிக்கும்? அதற்குமேலும் ஒன்று சொன்னார் ஹரி. கழலைக்கு வருகிற புற்றணுக்களில் நிறைய அங்கேயே சாகும். சில தப்பி, காவல் நிற்கும் அணுக்களை மந்தமாக்கிவிட்டு அங்கேயே குடியிருந்து பெருகும். பெருகினவற்றில் சில மறுவாசல் வழியாக ரத்தத்துக்குள் இறங்கித் தூரத்துக்குப் போகும். கழலைக்கே வராமல் நேராக ரத்தத்தில் போவதும் உண்டு.

"அப்பம் என் கழலை காவலா, இல்ல கள்ளன் ஒளிஞ்சு தங்குற தாவளமா?"

"ரெண்டுமாகும். சேச்சிக்கு எது என்று இப்போ பறய முடியாது. மருந்து கொடுத்து, பின்னே எடுத்துப் பார்த்தால் அறியாம்."

கத்தி பட்டால் பரவுமா என்றும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பரவிக்கொண்டிருப்பதை நிறுத்தத்தான் கத்தி என்றார். அந்த மாதிரிப் பேச்சைக் கேட்டு வெட்டவேண்டாம் என்று வீட்டில் இருந்துவிட்டு, வெட்டவே முடியாத நிலையில் வருகிறவர்கள் அந்தக் கூடத்தில் இருந்தார்கள். அவர்களை நானும் பார்த்தேன். எனக்கு அந்தப் பெரியவர்மேல் அப்போதுதான் உண்மையான கோபம் வந்தது.

முதலில் உடம்பு முழுவதையும் ஒரு ஸ்கேன். கதிர்வீச்சு கலந்த சர்க்கரையை நரம்பில் ஏற்றிவிட்டு, தனி அறையில் அசையாமல் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். புற்றுக்குச் சர்க்கரைமேல் ஆசை அதிகம், அது கூடுதலாக இழுத்துக்கொண்ட இடமெல்லாம் படத்தில் ஒளிரும். என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னதுதான் அன்றைய பெரிய வேதனை. படத்தில் மார்பும் கக்கமும் ஒளிர்ந்தன. ஈரல், எலும்பு, நுரையீரல் எதுவும் ஒளிரவில்லை. மைனி அங்கேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஹரி எங்களை அளவாகத்தான் சந்தோஷப்பட விட்டார். ஸ்கேனுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியதாக எங்காவது இருக்கலாம் என்றார். அதற்குத்தான் முதலில் மருந்து, பிறகு அறுவை. கழலைக்குள் இருப்பது மருந்துக்குச் செத்திருந்தால், கண்ணில் படாமல் வேறெங்கும் இருந்ததும் செத்திருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். சாகாமல் இருந்தால் யோசிக்கவேண்டும். ஆக, என் விதியைச் சொல்ல வேண்டிய சாட்சி அந்தப் புளியங்கொட்டைதான்.

கீமோ என்கிற மருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினார்கள். வாந்தியைவிட என்னை வருத்தியது ருசி. எல்லாம் துரு ஏறின இரும்பு மாதிரி இருந்தது. தேன் வாடையே ஆகாமல் போனது. என் வீட்டுக்காரர் வீட்டிலிருந்த தேன் பாட்டில்களை எல்லாம் அண்ணன் வீட்டுக்கு மாற்றினார். மைனி குழைந்த கஞ்சியும் சிறுபயறும் செய்து கொண்டுவருவாள். நான் வேண்டாமென்றால் எதிரில் உட்கார்ந்து என் கிண்ணத்திலிருந்தே தின்னத் தொடங்குவாள். பொறாமையில் நான் நாலு வாய் தின்றுவிடுவேன். இந்தத் தந்திரம் இரண்டு பேருக்கும் தெரியும், கடைசி வரை இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. பில் பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அரசுக் காப்பீட்டு அட்டையை எடுத்து வையுங்கள், எங்களைத் தாங்கினதில் பாதி அதுதான்.

முடி கொட்டத் தொடங்கியதும் நானே மழித்துவிடச் சொன்னேன். வீட்டுக்காரர்தான் மழித்தார், முகம் மழிக்கிற ரேசரால். மெதுவாக, காதோரம் நின்று நின்று.

"என்ன ஆலோசிக்கிய?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. அனங்காத இரு" என்றார்.

அறுவை முடிந்து கண் விழித்தபோது இடது பக்கத்திலிருந்து ஒரு குழாய் இறங்கி ஒரு சிறிய குப்பியில் முடிந்தது. அதில் இளமஞ்சளாக ஒரு நீர் சேர்ந்திருந்தது. நர்ஸ் பெண்ணிடம் இதென்ன என்று கேட்டேன். "லிம்ஃப் ஆணு சேச்சி, நிணநீர். போகிற வழி போச்சுல்லே, அதுதான் இங்ஙனே வடியுது" என்றாள். முதல் ரப்பர்த் தேனின் நிறம். இத்தனை நாள் படத்தில் பார்த்ததைக் கண்ணால் பார்த்தேன்.

கக்கத்துக் கழலைகளை எடுத்துவிட்டதால் இடது கையில் நீர் தேங்கி வீங்கக்கூடும். அந்தக் கையில் ஊசி கூடாது, பிரஷர் பட்டை கூடாது, முக்கியமாக ஈக் கொட்டு கூடவே கூடாது என்றார்கள். கையைச் சுவரில் வைத்து விரல்களால் மேலே மேலே ஏற்றும் பயிற்சி சொல்லித்தந்தார்கள். நான் அங்கே நின்றபடியே கணக்குப் போட்டுவிட்டேன். முழங்கைக்கு மேல் வரும் கையுறை ஒன்று, சட்டத்தை இனி வலது கையில் பிடிப்பது, மழைக்காலத்தில் பழகிக்கொண்டால் தளிர்க் காலத்துக்குக் கை வசப்படும். இப்போது அப்படித்தான் செய்கிறேன், மோசமில்லை. அறுவைக்குப் பிறகு தோல் கறுத்துப்போகும்படி கதிர் சிகிச்சையும் கொடுத்தார்கள். அதுவும் கடந்துவிட்டது.

ஆனால் அந்தக் குழாயோடு வீட்டில் கிடந்த நாட்களில் நான் தைரியமாக இருந்தேன் என்று சொன்னால் பொய். எடுத்த கழலைகளை ஆய்வுக்கூடத்தில் மெழுகில் பதித்து, இழை இழையாகச் சீவி, கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்களாம். அதற்கு நாளாகும். போன் அடிக்கும்போதெல்லாம் எனக்குப் பதறி வெப்ராளம் வரும். ஜெனி தினமும் கூப்பிட்டு அதையே கேட்டாள். தாள் இன்னும் வரல்ல மக்கா என்பேன். அப்பாவிடம் கொடு என்பாள். அவர் போனை வாங்கி, "சாப்பிட்டியா மக்கா?" என்று கேட்டுவிட்டு என்னிடமே திருப்பித் தந்துவிடுவார்.

முடிவு வந்த அன்று ஹரியின் அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். மைனி வெளியே ஜெபித்துக்கொண்டிருந்தாள். அவர் தாளைப் படித்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சேச்சி, கழலையில் புற்று வந்து இருந்த அடையாளம் உண்டு. வடு கிடக்குது. ஆனா உயிருள்ள ஒரு புற்றணு கூட இல்ல. எடுத்த கழலை எதிலயும் இல்ல. மார்பிலயும் இல்ல. எல்லாம் செத்துப்போயி."

நான் நூறு கேள்வி வைத்திருந்தேன். எதை முதலில் கேட்பதென்று அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. இத்தனை மாதமும் என் பையைத் தூக்கிக்கொண்டு, சீட்டு போட்டு, மருந்து வாங்கி, எந்த டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டிராத என் வீட்டுக்காரர் கேட்டார்.

"டாக்டரே, அப்பம் இவ இருப்பாளா?"

கழலையா, காவலா, தாவளமா என்று நான் சுற்றிச் சுற்றிக் கேட்டதெல்லாம் இந்த ஒன்றைத்தான். எனக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை.

ஹரி தாளை மேசைமேல் வைத்தார். "நாளைக்கு என்ன என்று ஆருக்கும் எழுதித் தர முடியாது சேட்டா" என்றார். பிறகு, "ஆனா நான் பார்த்த அளவுக்கு, இருப்பார். மாத்திரையும் செக்கப்பும் முடக்க வேண்டா" என்றார்.

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டு வெளியே போனார். கதவு மூடவில்லை. நடையில் நின்று போனை எடுத்து, இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவை அவர் பேசியது எனக்குக் கேட்டது.

"மக்கா, அம்மை இருப்பா."